அட்டாலி ஏறிய மின்விசிறி

பொருள்களை வாங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விற்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தராதவர்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், உங்கள் வீட்டு ஏணி இப்போது யார் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கூட்டம் எதிலும் சேராத ஒருவர் உண்டு. கைக்கு வந்த பொருளைப் பிரிக்காமல், உடுத்தாமல், ஓட்டாமல், அதன் மேல் உட்காராமல், அது புதிதாகவே இருந்து, புதிதாகவே மூப்படைந்து, புதிதாகவே செத்துப் போகும்படி காத்து வருகிற உத்தமர். அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் பத்திரக்காரர்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். அவர் வீட்டு டி.வி. ரிமோட் வந்த நாளில் இருந்த பாலிதீன் உறைக்குள்ளேயே இன்றைக்கும் இருக்கும். உறை மஞ்சளாகி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, உள்ளே இருக்கிற எண் ஒன்றும் தெரியாமல் போய், மனிதர் குருட்டாம்போக்கில் அமுக்கி, சத்தத்தைக் குறைக்கப் போனவர் ஏதோ பக்திச் சேனலில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பஜனை கேட்பார். அவர் வீட்டு மெத்தையின் மேல் பிளாஸ்டிக் தாள் இருக்கும். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் யாரோ முறுக்குப் பொட்டலம் பிரிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். தீபாவளிக்கு எடுத்த சட்டை பீரோவில் பாச்சை உருண்டையோடு குடித்தனம் நடத்தும். அதைப் போடத் தகுந்த விசேஷம் ஒன்று வந்து சேரும்போது சட்டை அப்படியே இருக்கும், வயிறு அப்படியே இருக்காது. விருந்தாளிக்கு என்று வாங்கிய பீங்கான் தட்டில் இதுவரை எந்த விருந்தாளியும் சாப்பிட்டதில்லை. ஏன்? வருகிற விருந்தாளி எவரும் அந்தத் தட்டின் தகுதிக்கு வருவதில்லை.

அவருடைய வேதம் மிகவும் சிறியது. புதிதாக ஒன்று வந்தால், “இருக்கட்டும்.” எதற்கு என்று கேட்டால், “ஆகும்.” பழையதைத் தூக்கிப் போடச் சொன்னால், “இப்பத்திக்கு இது ஓடுதுல்ல?” இவ்வளவுதான். இந்த மூன்று மந்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் எழுபது எண்பது வயது வரை கெட்டிக்காரர் என்று பெயரெடுத்து வாழ்ந்துவிடலாம்.

இது ஏழைகளுக்கு மட்டும் வருகிற வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். பங்களாக்களில் சோபாவுக்குப் பெட்ஷீட் போர்த்தி, பெட்ஷீட்டுக்குத் துண்டு போர்த்தி, வந்தவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கிற சீமான்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏழைப் பத்திரக்காரரை முழுதாகக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. பொருள் கெட்டால் இரண்டாவது ஒன்று வராது என்று பட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். அதனால் முக்கால் பங்கு மட்டும் கேலி செய்கிறேன்.

எங்கள் ஜலகண்டாபுரத்தில், என் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில், இந்த இனத்தின் தலைமகன் ஒருவர் குடியிருக்கிறார். பெயர் அங்கமுத்து. தறிப்பட்டறையில் தறி ஓட்டுகிறார். சிமெண்ட் அட்டைக் கூரை போட்ட ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையல்கட்டு, இவ்வளவுதான் வீடு. ஆனால் அந்த அறையின் சுவரை ஒட்டித் தலைக்கு மேலே நீளமாக ஒரு அட்டாலி கட்டியிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் அந்தக் குடும்பத்தின் செல்வமெல்லாம் வாழ்கிறது. கீழே மனிதர்கள் இருக்கிறார்கள், மேலே பொருள்கள் இருக்கின்றன. மேலே இருப்பவர்களுக்குத்தான் மரியாதை அதிகம்.

பல வருஷத்துக்கு முன்னால் ரேஷன் கார்டுக்கு அரசாங்கம் மிக்ஸி கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கமுத்து வீட்டுக்கும் வந்தது. வந்த அன்றே அட்டாலி ஏறிவிட்டது. அதன் கீழேயே அவர் மனைவி சின்னாயி அம்மியில் சட்னி அரைத்தாள்.

“ஏனுங்க, அதை இறக்குனா என்னங்க?”

“இருக்கட்டும். தீபிகா கல்யாணத்துக்கு ஆகும்.”

மகள் தீபிகா அப்போது இரட்டைச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் வளர்ந்தாள், படித்தாள், திருச்செங்கோட்டுப் பக்கம் கல்யாணமும் ஆயிற்று. சீர்வரிசையோடு மிக்ஸியும் பெட்டி பிரியாமல் மாப்பிள்ளை வீடு போய் இறங்கியது. சம்பந்தியம்மா அதைத் தடவிப் பார்த்து, “பத்திரமா வெச்சிருக்கறீங்க” என்று மனம் நிறையப் பாராட்டிவிட்டு, தன் வீட்டு அட்டாலியில் ஏற்றினார். அங்கே ஏற்கெனவே அதே மிக்ஸி, அதே பெட்டி, அதே டேப்பு ஒட்டியபடி. இரண்டும் இப்போது ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. பொருத்தம் பார்த்த ஜோசியர் பத்துப் பொருத்தம் என்று சொன்னார், பதினொன்றாவதை அவர் கவனிக்கவில்லை.

இது பழைய கதை. புதிய கதை போன தை மாதம் தொடங்கியது.

ஏழை வீடுகளில் கரண்ட் செலவையும் வெக்கையையும் சேர்த்துக் குறைப்பதற்காக ஒரு திட்டம் வந்தது. கரண்டைக் குடம் குடமாகக் குடிக்கிற பழைய ஃபேனைக் கொடுத்தால், அதில் பாதிகூடக் குடிக்காத புது ஃபேன், ரிமோட்டோடு, இலவசம். சிமெண்ட் அட்டை வீடுகளின் கூரைக்கு, வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பெயிண்ட், அதுவும் இலவசம். அவர்களே ஏணி கொண்டு வந்து அடித்துத் தருவார்கள். திட்டத்துக்காகத் தெருத் தெருவாக வந்த பெண்ணின் பெயர் மைதிலி. ஸ்கூட்டியை மாரியம்மன் கோயில் வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு, சிரித்த முகமாக எல்லோருக்கும் விளக்கினாள்.

தெருவே சந்தோஷப்பட்டது. அங்கமுத்துவும் சந்தோஷப்பட்டார். ஆனால் பழைய ஃபேனைக் கொடுக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் அவர் முகம் சுண்டிப் போயிற்று.

அந்தப் பழைய ஃபேனைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அங்கமுத்துவின் கல்யாணத்து வருஷம் வாங்கியது. மூன்று இறக்கையில் ஒன்று வளைந்திருக்கும். சுவிட்சைப் போட்டால் சுற்றாது. கம்பால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடக் கடக் என்று கிளம்பும். காற்று வருமா? வரும். கூரையில் காய்ந்த வெக்கையையெல்லாம் ஒன்று சேர்த்துக் கீழே இறக்கும். இருந்தாலும் ஓடுகிறது அல்லவா? ஓடுகிற பொருளைக் கையெடுத்துக் கொடுப்பதா? பத்திரக்காரர் ஒருவரால் அது முடிகிற காரியமா?

அடுத்த வாரம் நான் சேலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கிய அலுப்பில் கண்ணை மூடப் போகிற நேரம், பக்கத்தில் அங்கமுத்து வந்து உட்கார்ந்தார். மடியில் துண்டு சுற்றிய ஒரு மூட்டை. துண்டுக்கு வெளியே மூன்று இறக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

“என்னங்க அங்கமுத்து, ஃபேனு ரிப்பேருக்குக் கொண்டு போனீங்களா?”

“இல்லீங்க. இது செத்த ஃபேனு. பழைய இரும்புக் கடையில கெடந்துச்சு, வாங்கிட்டு வாரேன்.”

“செத்ததை எதுக்குங்க வாங்குனீங்க?”

“அரசாங்கத்துக்குக் குடுக்கறதுக்குங்க.”

“அப்ப உங்க ஊட்டு ஃபேனு?”

“அது ஓடுதுல்லங்க? ஓடுறதை எப்படிங்க குடுக்கறது?”

“அதுக்குத்தான் புதுசு குடுக்கறாங்களே. புதுசு ஓடாதுங்களா?”

அங்கமுத்து என்னை இரக்கத்தோடு பார்த்தார். உலகம் தெரியாத பிள்ளையைப் பெரியவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

“புதுசு புதுசுங்க. அது இருக்கட்டும்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காசு கொடுத்துக் குப்பையை வாங்கி, குப்பையைக் கொடுத்துப் புதியதை வாங்கி, புதியதை மூட்டை கட்டி வைக்கப் போகிற மனிதரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது?

எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தது. செத்த ஃபேன் மைதிலியின் கைக்குப் போயிற்று, புது ஃபேன் அங்கமுத்துவின் கைக்கு வந்தது. தங்கள் ஆளே வந்து மாட்டித் தருவார் என்று அவள் சொன்னதற்கு, “வேண்டாமுங்க அம்மணி, எங்க மச்சினன் கரண்டு வேலை பாக்கறான், அவன் மாட்டிருவான்” என்றார். தனக்கு ஒரு தம்பி இருக்கிற விஷயம் சின்னாயிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெயிண்ட் அடிக்கிற ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். அவர்களையும் வாசலிலேயே மடக்கினார்.

“இப்ப அடிக்க வேண்டாமுங்க. இந்த எண்ணெய் டின்னுல அப்படியே ஊத்திட்டுப் போங்க. நான் அப்பறமா அடிச்சுக்கறேன்.”

“எப்பங்க அடிப்பீங்க?”

“வெயில் காலம் முடியட்டுமுங்க. இப்ப அடிச்சா வெயில் பட்டே கெட்டுப் போயிருமல்லங்க?”

நனைந்துவிடும் என்று மழையில் குடையை விரிக்காதவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவரை நேரிலேயே பார்த்தேன். அந்த ஆட்களுக்கு அன்றைக்கு இன்னும் பத்து வீடு பாக்கி. ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். டின்னும் அட்டாலி ஏறிற்று.

மாசியில் தீபிகா பிரசவத்துக்கு வந்தாள். பங்குனியில் பையன் பிறந்தான். அங்கமுத்துவைப் பார்க்க வேண்டுமே! ஆஸ்பத்திரியிலிருந்து பேரனைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தவர், எதிரே வந்தவர்கள் எல்லோரிடமும் நின்று நின்று காட்டி, பத்து நிமிஷ வழியை ஒரு மணி நேரமாக்கிவிட்டார். தறி வேலை முடிந்தால் டீக்கடைப் பக்கம்கூடப் போகாமல் நேராக வீட்டுக்கு ஓடினார். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூச்சு விடுவதையே வேடிக்கை பார்த்தார். அந்த மனிதரின் வாழ்க்கையில் பிரித்து, எடுத்து, மடியில் போட்டுக் கொஞ்சிய முதல் புதுப்பொருள் அந்தப் பிள்ளைதான்.

சித்திரை பிறந்தது. எங்கள் பக்கத்துச் சித்திரையை அறியாதவர்களுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? காலை பத்து மணிக்கே அட்டைக் கூரை தோசைக்கல் ஆகிவிடும். மத்தியானம் வீட்டுக்குள் நின்றால் தலை உச்சி சுடும். பெரியவர்கள் நாங்களே மரத்தடியைத் தேடி ஓடுகிற காலத்தில், பிறந்து ஒரு மாசம் ஆன பிள்ளை என்ன செய்யும்? கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பூத்து, பால் குடிக்காமல், மத்தியானம் முழுக்க அழுதது. அழுது அழுது குரல் கம்மிப் போயிற்று. சின்னாயி சேலையை நனைத்து நாலு பக்கமும் கட்டினாள், அது அரை மணியில் காய்ந்து விறைத்தது. பார்க்க வந்த நர்ஸம்மா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இந்த வெக்கையில வெச்சிருந்தா உடம்புல தண்ணி வத்திப் போயிரும். குளுமையான எடமாப் பாத்து மாத்துங்க” என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கமுத்து பதறிப் போனார். பட்டறைக்கு லீவு போட்டார். பனையோலை விசிறி ஒன்றை வாங்கி வந்து, இந்தக் கை வலித்தால் அந்தக் கை, அந்தக் கை வலித்தால் இந்தக் கை என்று பேரனுக்கு விசிறினார். இந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே அட்டாலியில் ரிமோட்டோடு ஒரு ஃபேன், கீழே ஓலை விசிறியோடு ஒரு தாத்தா.

“அப்பா, அந்தப் புது ஃபேன மாட்டுங்கப்பா” என்றாள் தீபிகா.

“இருக்கட்டும் சாமி. அது பையனுக்குத்தான்.”

“பையன் இந்தா இருக்கறானேப்பா.”

“இப்ப அவனுக்கு என்ன சாமி தெரியும்? பெரியவனாகி ஊடு கட்டுவான் பாரு, அப்ப ஆகும்.”

தீபிகா புருஷனுக்குப் போன் செய்தாள்.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து, பிள்ளைக்குக் கொலுசும் அரைஞாணும் போட்டு, சொந்தபந்தம் சூழப் புருஷன் வீட்டுக்குப் போவதுதான் இங்கே வழக்கம். பாதியில் கிளம்பினால் தாய்வீட்டில் பார்த்துக்கொள்ள நாதியில்லை என்றுதான் ஊர் பேசும். அதைவிட, பேரன் போய்விட்டால் அங்கமுத்து யாருக்காக வீட்டுக்கு ஓடுவார்? இது தெரிந்தும் மாப்பிள்ளை சிவபிரகாஷ் ஆட்டோவோடு வந்து நின்றார். ரிக் வண்டியில் வேலை பார்க்கிறவர், ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுத் திரிகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத பையன். அவருடைய வீடு கான்கிரீட் தளத்தோடு தார்சு போட்டது, வாசலில் பெரிய வேப்ப மரம்.

“மாமா, தப்பா நெனைக்காதீங்க. வெயில் தாழட்டுமுங்க, நானே கூட்டிட்டு வாரேன்.”

அங்கமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் எதிர்வீட்டிலிருந்து வந்து வாசலில் நின்றேன். அக்கம்பக்கத்தில் பிரச்சினை என்றால் போய் நிற்காமல் இருக்க முடியுமா? தீபிகா துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மைதிலியின் ஸ்கூட்டி வந்து நின்றது. கொடுத்த ஃபேனெல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“புது ஃபேனு எப்படிங்கய்யா ஓடுது?”

கடக் கடக் என்றது ஃபேன். மைதிலி அண்ணாந்து பார்த்தாள்.

“இது நாங்க குடுத்தது இல்லீங்களே. உங்க பழசைத்தான் அன்னைக்கே குடுத்துட்டீங்க. இது எங்கிருந்துங்க வந்துச்சு?”

அங்கமுத்துவின் பொய்கள் எப்போதும் உறவுக்காரர்கள் மேல்தான் ஏறி வரும்.

“இது சம்பந்தி ஊட்டு ஃபேனுங்க அம்மணி. இரவல்.”

சிவபிரகாஷ் திரும்பிப் பார்த்தார். “எங்க ஊட்டுதுங்களா மாமா?”

“அப்படின்னா புதுசு எங்கீங்க?” என்றாள் மைதிலி.

சின்னாயி அட்டாலியைப் பார்த்தாள். தீபிகா பார்த்தாள். மாப்பிள்ளை பார்த்தார். ஆட்டோக்காரர்கூட உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கமுத்து மட்டும் தரையைப் பார்த்தார்.

மைதிலி சத்தம் போடவில்லை. பெட்டியைப் பார்த்தாள், தொட்டிலில் அழுகிற பிள்ளையைப் பார்த்தாள். “ஏனுங்கய்யா, பழசைக் கழட்டி என்கிட்டக் குடுத்துட்டுப் புதுசை மாட்டுங்க. இல்லீன்னா புதுசை நான் திருப்பி எடுத்துட்டுப் போகோணும். உங்களுக்குப் பின்னால எத்தனையோ பேரு கேட்டுட்டு நிக்கறாங்க.”

“ஒரு நாள் டைம் குடுங்க அம்மணி. யோசிச்சுச் சொல்றேன்.”

யோசிக்கிறாராம். இருபத்தைந்து வருஷமாக யோசித்துக்கொண்டுதானே இருக்கிறார்? எனக்கே கோபம் வந்தது. தீபிகா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “வாரேம்ப்பா” என்று சொல்லி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் சின்னாயி உள்ளே போனாள். ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. அட்டாலியிலிருந்து பெட்டியை இழுத்து இறக்கி, தூசியை முந்தானையால் துடைத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தவள், புருஷனைத் தாண்டி நேராகப் போய் ஆட்டோவில் மகளின் காலடியில் வைத்தாள்.

“இதையும் கொண்டு போ சாமி. உங்கப்பன் பையனுக்குன்னுதான் வெச்சிருக்கறாரு. பையன் எங்க இருக்கறானோ, இதுவும் அங்கயே இருக்கட்டும்.”

அங்கமுத்து திடுக்கிட்டுப் போனார். “அப்ப நமக்கு?”

“நமக்கு எதுக்குங்க? இப்பத்திக்கு இது ஓடுதுல்ல?”

கடக் கடக் என்று அது ஓடத்தான் செய்தது.

அங்கமுத்து ஆட்டோவைப் பார்த்தார். உள்ளே பேரன், பேரன் காலடியில் ஃபேன். திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். காலித் தொட்டில், அதன் மேல் வளைந்த இறக்கை. அவர் என்ன நினைத்தார் என்று நான் எப்படிச் சொல்வது? நான் பார்த்ததைச் சொல்கிறேன். மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார். பெட்டியைத் தொடவில்லை. பேரனைத்தான் முதலில் வாங்கினார். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, கம்மிய குரலில் சொன்னார்.

“மாப்ளை, அந்தப் பெட்டியப் பிரிங்க.”

அங்கமுத்துவின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. சிவபிரகாஷ் டேப்பில் சாவியை வைத்து ஒரு இழுப்பு இழுத்ததும், அவர் உடம்பு ஒரு தரம் குலுங்கியது. “மெதுவாங்க மாப்ளை, அட்டையைக் கிழிச்சுப் போடாதீங்க, அட்டை ஆகும்” என்றார். போகட்டும் என்று விட்டுவிட்டோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க முடியுமா?

ரிக் வண்டி மெஷினையே கழற்றி மாட்டுகிற கைக்கு ஃபேன் ஒரு பெரிய விஷயமா? பழையது இறங்கி மைதிலியிடம் போயிற்று. புதியது ஏறியது. தீபிகா ரிமோட்டை அமுக்கினாள். எல்லோரும் அண்ணாந்து நின்றோம்.

“ஓடலீங்களே” என்றார் அங்கமுத்து.

“ஓடுதுங்கய்யா. சத்தந்தான் இல்லீங்க” என்றாள் மைதிலி.

அவர் நம்பவில்லை. பேரனைத் தொட்டிலில் படுக்க வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பிள்ளையின் நெற்றியில் ஒட்டிக்கிடந்த மயிர் ஒவ்வொன்றாகப் பிரிந்து அசைந்தது. அழுகை விசும்பலாகி, விசும்பல் பெருமூச்சாகி, காபி குடிக்கிற நேரத்துக்குள் தூங்கிப் போயிற்று. அங்கமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இத்தன நாளும் புள்ளைய வேக வெச்சுட்டேனே” என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டுச் சொன்னார். முக்கால் பங்கு கேலியில் அன்றைக்கு அரைப் பங்கைத் தள்ளுபடி செய்துவிட்டேன்.

அந்தத் தள்ளுபடியை உடனே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்ட மனிதர் ரிமோட்டை எடுத்து ஃபேனை நிறுத்தினார்.

“என்னங்க பண்றீங்க?”

“அதான் தூங்கிட்டான்ல? இன்னும் எதுக்கு ஓடோணும்?”

பையன் வீல் என்று கத்தினான். சின்னாயி ரிமோட்டைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்றுவரை அது அங்கேதான் இருக்கிறது. ஆட்டோ காலியாகத் திரும்பிப் போயிற்று. மாப்பிள்ளை இரண்டு நாள் மாமியார் கையால் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் மாதம் வருகிறேன் என்று கிளம்பினார்.

பெயிண்ட் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? மறுநாள் புது உற்சாகத்தில் டின்னை இறக்கித் திறந்து பார்த்தார். கூரைக்கடியில் வெந்து வெந்து உள்ளே வெள்ளைவெளேர் என்று ஒரே கல்லாக உட்கார்ந்திருந்தது. குச்சி இறங்கவில்லை, கடப்பாரைதான் வேண்டும். இன்னொரு தரம் தருவார்களா என்று மைதிலியைக் கேட்டார். தரமாட்டார்கள். அங்கமுத்து எழுந்து போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்தார். ஊற வைத்து, வடிகட்டி, மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் கூரையில் பலகை போட்டுக் குப்புறப் படுத்தபடி, அட்டை உடையாமல் அங்குலம் அங்குலமாகத் தானே பூசினார். இலவசமாக வந்ததைக் கல்லாக்கிவிட்டுக் காசு கொடுத்துச் சுண்ணாம்பு பூசுகிறாரே என்று தெருவில் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. வாங்கிய அன்றே ஒரு பொருளை முழுக்கச் செலவழித்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

இப்போது மத்தியானம் ஆனால் அந்தக் கூரையிலிருந்து வெயில் தெறித்து நேராக என் ஜன்னலுக்கு வருகிறது. அவருக்குக் குளுமை, எனக்குக் கண் கூச்சம். போய்ச் சொன்னேன்.

“அதுக்கென்னங்க? ஒரு கூலிங் கிளாஸ் வெச்சிருக்கறேன், ஒறை கூடப் பிரிக்கலீங்க. இருங்க, எடுத்துட்டு வாரேன்” என்று உள்ளே போனார். ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்டது. போனவர் போனவர்தான், இன்னும் வரவில்லை.

சிரித்தீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டில் அட்டாலியோ பீரோவோ எது இருக்கிறதோ அதன் முன்னால் போய் நின்று, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் யாருக்காகக் காத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக அந்த ஆள் பக்கத்து அறையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தப் புத்தகத்தை நீங்கள் வாங்கியது எந்த வருஷத்துப் புத்தகக் கண்காட்சியில்? அதன் மேல் சுற்றியிருந்த கண்ணாடித் தாளை எப்போது பிரித்தீர்கள்? இன்றைக்குத்தானா? அப்படியானால் அங்கமுத்து உங்களை ரொம்ப விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.